நாமக்கல் பாறையின் வயது என்ன? தென்னிந்திய கிரானுலைட் நிலத்தின் இரண்டு பிறவிகள்

சந்திரயான்-2 திட்டத்திற்காக நிலவின் மேற்பரப்பைப் போன்ற செயற்கை மண் தேவைப்பட்டபோது, அதற்கான பாறையை இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிலிருந்து எடுத்தது. அதன் பிறகு நிலவுப் பயணம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் மூன்று கூற்றுகள் ஒன்றோடொன்று கலந்து பரவிவருகின்றன. நாமக்கல்லில் கிடைப்பது நிலவின் மண் என்பது ஒன்று. அந்தப் பாறைக்கு 250 கோடி ஆண்டு வயது என்பது இரண்டாவது. தென்னிந்தியாவின் இந்தப் பகுதி 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் உருவானது என்பது மூன்றாவது.

முதல் கூற்று தவறு. மற்ற இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிந்தாலும், இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஏனெனில் இந்த நிலத்துக்கு ஒரே ஒரு வயது கிடையாது. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இரு முறை உருமாறிய நிலம் இது. அந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஏறத்தாழ 195 கோடி ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை, இங்குள்ள எந்தப் பாறையின் வரலாறும் குழப்பமாகவே இருக்கும்.

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் ஏறத்தாழ கேரளம் முழுவதும் அமர்ந்திருக்கும் அடிப்பாறைப் பரப்பைப் புவியியலாளர்கள் தென்னிந்திய கிரானுலைட் நிலம் என்று அழைக்கிறார்கள். அதன் வடக்கே, கர்நாடகத்தில், தார்வார் கிரேட்டான் உள்ளது. கிரேட்டான் என்பது நெடுங்காலமாகப் பெரிய சிதைவுக்கு ஆளாகாமல் நிலைத்திருக்கும் பழைய கண்டப் பகுதி. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையை, 1936இல் அதைச் சுட்டிக்காட்டிய லூயிஸ் ஃபெர்மரின் பெயரால் ஃபெர்மர் கோடு என்பார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்குச் செல்லும் சாலை இந்த எல்லையைக் கடந்து செல்கிறது. அந்தச் சாலையில் தெற்கு நோக்கிப் போகப்போக, பண்டைய காலத்தில் மேலும் மேலும் ஆழத்தில் இருந்த பாறைகள் மேற்பரப்பில் தென்படுகின்றன. தரையைத் தோண்டாமலேயே புவி மேலோட்டின் குறுக்குவெட்டு ஒன்றைக் கடந்துவிடுகிறோம்.

கோட்டுக்குத் தெற்கே உள்ள நிலம் பல துண்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. வடக்கில் சேலம், நீலகிரி, சென்னை துண்டங்கள். நடுவில் மதுரைத் துண்டம். தெற்கில் திருவனந்தபுரம், நாகர்கோவில் துண்டங்கள். இவற்றைப் பிரிப்பவை ஷியர் மண்டலங்கள். ஆழத்தில் சூடாகி இளகிய நிலையில் இருந்த பாறைகள், ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைக் கடந்து நகர்ந்தபோது நசுங்கி, இழுபட்டு, நாடா போன்ற அமைப்பைப் பெற்ற பட்டைகளே ஷியர் மண்டலங்கள். மோயாறு, பவானி, பாலக்காடு–காவிரி, அச்சன்கோவில் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. 1980ஆம் ஆண்டையொட்டி லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் இவை தெளிவான கோடுகளாகத் தெரிந்த பிறகே, இந்த நிலம் ஒரே கல்லால் ஆனதல்ல என்ற எண்ணம் வலுப்பெற்றது.

உயர்நிலை உருமாற்றம்: வெப்பமும் அழுத்தமும்

ஒரு பாறை உருகாமல் திண்ம நிலையிலேயே இருந்துகொண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் கனிமங்களை மாற்றிக்கொள்வதே உருமாற்றம். எந்த வெப்பத்தில் எந்தக் கனிமம் நிலைக்கும் என்பது ஆய்வகச் சோதனைகளால் தெரியும். ஆகவே ஒரு பாறையில் உள்ள கனிமங்களின் கூட்டமே அது கடந்துவந்த நிலைமையின் பதிவாகிறது.

அந்த ஏணியின் மேல்படியில் இருப்பது கிரானுலைட் நிலை. அதற்கு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். மேலோட்டில் ஏறத்தாழ 3.5 கி.மீ. ஆழத்துக்கு ஒரு கிலோபார் (தரையில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) வீதம் அழுத்தம் கூடுகிறது. நீலகிரியின் பாறைகள் பதிவு செய்திருக்கும் அழுத்தம் தென்மேற்கில் 6 அல்லது 7 கிலோபார். மோயாற்றை நோக்கிச் செல்லும்போது அது 9 முதல் 10 வரை உயர்கிறது. அதாவது இன்று ஊட்டியில் மலையாக நிற்கும் கல், ஒருகாலத்தில் தரைக்கு 20 முதல் 35 கி.மீ. கீழே இருந்தது.

இந்த எண்ணிலிருந்து உடனே ஒரு கேள்வி எழுகிறது. இன்றும் இந்த நிலத்தின் அடியில் மேலோடு ஏறத்தாழ 40 கி.மீ. தடிமன் இருப்பதாக நிலநடுக்க அலைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மேலே இருந்து அகன்றுபோன 20 முதல் 35 கி.மீ. பாறையையும் சேர்த்தால், அன்றைய மேலோடு 60 முதல் 75 கி.மீ. தடித்திருக்க வேண்டும். இன்று அவ்வளவு தடித்த மேலோடு உள்ள இடம் திபெத் பீடபூமி. பின்னாளில் அடியிலிருந்து வந்து ஒட்டிய பாறைக்குழம்பால் இந்தக் கணக்கு ஓரளவு குறையலாம். ஆனாலும் இரு கண்டப் பகுதிகள் மோதி மேலோட்டைத் தடிக்கச் செய்யாமல் இப்படிப்பட்ட பாறைகள் பரந்த நிலமாக உருவாவது கடினம்.

சார்னோக்கைட்: நீரை இழந்த பாறை

இந்த நிலத்தின் அடையாளப் பாறை சார்னோக்கைட். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது. அதனால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பெயரைச் சூட்டினார். அந்தக் கல்லின் ஊர் சென்னைப் பகுதி. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோக்கைட்டே உலகெங்கும் இந்தப் பாறை வகைக்கு மூலமாதிரியாகக் கொள்ளப்படுகிறது. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையத்துக்கு அருகே நிற்கும் ஒரு சிறு குன்று உலகப் பாறையியலில் இப்படி ஓர் இடத்தைப் பெற்றிருப்பது அந்த வழியே நாள்தோறும் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இது வருத்தம் தருவது.

புதிதாக உடைத்த சார்னோக்கைட் கருமையும் பசுமையும் கலந்த நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்புடன் இருக்கும். சாதாரண கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இதிலும் உண்டு. ஆனால் கிரானைட்டில் பயோட்டைட்டும் ஹார்ன்பிளெண்டும் இருக்கும் இடத்தில் இதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் இருக்கிறது. வேறுபாட்டின் சாரம் நீர். பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் ஆகியவற்றின் படிகக் கட்டமைப்பில் நீர் பிணைந்திருக்கிறது. பைராக்சீனில் அது இல்லை. வெப்பம் ஏறும்போது முதலிரண்டும் குவார்ட்ஸுடன் வினைபுரிந்து பைராக்சீனாகவும் ஃபெல்ஸ்பாராகவும் மாறி, நீரை வெளியேற்றுகின்றன.

அந்த மாற்றம் பாதியில் நின்றுபோன இடங்களும் உள்ளன. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சி.எஸ். பிச்சமுத்து 1960இல் விவரித்த பாறை முகமே இதில் புகழ்பெற்றது. கேரளத்தின் பொன்முடியிலும் இதைக் காணலாம். வெளிர்சாம்பல் நிற நைஸ் பாறையில் கருப்பு வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் குறுக்கே, ஓர் அடி, இரண்டடி அகலத்தில், கரும்பச்சை நிறத் திட்டுகளும் நரம்புகளும் எழுந்திருக்கும். நைஸின் கோடுகளைக் கண்ணால் தொடர்ந்து கொண்டே போனால், திட்டின் விளிம்பை எட்டியதும் அவை மங்கி, உள்ளே மறைந்துபோகும். திட்டின் மறுபக்கத்தில் அதே கோடுகள் மீண்டும் தொடங்கும். வெளியிலிருந்து புதிய பாறைக்குழம்பு உள்ளே வந்து புகுந்திருந்தால் கோடுகள் இடம்பெயர்ந்திருக்கும். அவை இடம்பெயரவில்லை, ஆகவே அதே நைஸ்தான் இருந்த இடத்திலேயே சார்னோக்கைட்டாக மாறியிருக்கிறது.

மாற்றத்தைத் தூண்டியது எது என்பதில் இரு விளக்கங்கள் உண்டு.

1. மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் (மேண்டில்) என்ற அடுக்கிலிருந்தோ ஆழமான மேலோட்டிலிருந்தோ வெடிப்புகள் வழியே ஏறிய கார்பன் டை ஆக்சைடு, பாறைத் துளைகளில் இருந்த நீரின் செறிவைக் குறைத்ததால் நீருள்ள கனிமங்கள் நிலைகுலைந்தன. குவார்ட்ஸ் மணிகளுக்குள் சிறைப்பட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

2. உப்புச் செறிவு மிகுந்த சூடான நீர்க்கரைசல்களும் இதே வேலையைச் செய்யக்கூடும். அவை நீரின் வினைத்திறனைக் குறைப்பதோடு, பாறையின் பொட்டாசியம், சோடியம் அளவுகளையும் மாற்றவல்லவை.

கப்பல்துர்கா போன்ற இடங்களில் திட்டுகள் வெடிப்புகளை ஒட்டியே அமைந்திருப்பதால், ஏதோ ஒரு பாய்மம் அந்த வழியாக வந்தது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நீலகிரி போன்ற பெரும் மலைத்திரள் முழுவதையும் அதே வழியில் விளக்குவது மிகை. அங்கே பெருமளவு பாறை தொடக்கத்திலேயே நீர் குறைந்த பாறைக்குழம்பிலிருந்து உறைந்திருக்கலாம். அல்லது பாறை ஓரளவு உருகி, அந்த உருகல் நீரை எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம்.

வயதைக் கணிப்பது எப்படி?

சிர்கான் என்ற கனிமம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான சிறு மணிகளாகப் பாறைகளில் சிதறிக் கிடக்கும். அது வளரும்போது யுரேனியத்தை ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. யுரேனியம்-238 காரீயம்-206 ஆகச் சிதைகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 காரீயம்-207 ஆகச் சிதைகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். ஆகவே ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் அந்த வயதை நம்பலாம்.

சிர்கானின் பெருஞ்சிறப்பு, 900 டிகிரி வெப்பத்திலும் தன் காரீயத்தை எளிதில் இழக்காமல் இருப்பது. பழைய மணியின் மேல் புதிய உருமாற்றத்தின்போது மற்றொரு விளிம்பு வளரும். உள்ளே கருவில் பழைய வயதும் வெளியே விளிம்பில் புதிய வயதும் தங்கிவிடும். மதுரைத் துண்டத்தின் சார்னோக்கைட் சிலவற்றில், கரு ஏறத்தாழ 250 கோடி ஆண்டும் விளிம்பு ஏறத்தாழ 55 கோடி ஆண்டும் காட்டுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான செங்கற்களைப் பிரித்தெடுத்து இன்று கட்டிய வீட்டுக்கு வயது எவ்வளவு என்று கேட்டால், செங்கல்லைப் பற்றிக் கேட்கிறீர்களா, வீட்டைப் பற்றியா என்றே திருப்பிக் கேட்க வேண்டும். செய்திகளில் வரும் வயதுகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: அது பாறைக்குழம்பு உறைந்த வயதா, வண்டல் படிந்த வயதா, உருமாற்றத்தின் வயதா என்பது சொல்லப்படாத எண், பாதி எண்தான்.

முதல் பிறவி: 250 கோடி ஆண்டுகளுக்கு முன்

பாலக்காடு–காவிரிப் பட்டைக்கு வடக்கே உள்ள சேலம், நீலகிரி, சென்னை துண்டங்களின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாகப் பிறந்தவை. அவற்றின் வேதியியல், இன்று கடற்தளம் கண்டத்துக்கு அடியில் அமிழும் இடங்களில் உருவாகும் எரிமலைத் தொடர்களின் பாறைகளை ஒத்திருக்கிறது. அவை பிறந்து அதிக காலம் ஆகும் முன்பே, 250 கோடி ஆண்டுகளை ஒட்டி, கிரானுலைட் நிலை உருமாற்றத்துக்கு உள்ளாயின. தார்வார் கிரேட்டானின் தென் விளிம்பில் எரிமலைத் தொடர்கள் வந்து ஒட்டி, மேலோடு தடித்து, ஆழத்தில் வெந்த நிகழ்வு இது. கஞ்சமலையின் இரும்புப் பட்டைப் பாறைகளும் இந்தக் காலகட்டத்தின் பதிவுகளே.

சித்தம்பூண்டிப் பாறைக்கு இப்போது திரும்பலாம். அது அனார்த்தோசைட், கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் கிட்டத்தட்ட முழுமையாக நிறைந்த வெளிர்நிறப் பாறை. 1956இல் ஏ.பி. சுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பாறைக்குழம்பு அறை ஒன்றில் கனிமங்கள் அடுக்கடுக்காகப் படிந்து இது உருவானது. இடையிடையே குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன, சில இடங்களில் குருந்தக்கல்லும் கிடைக்கிறது. பிறந்த காலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

நிலவின் மேட்டுநிலங்களும் அனார்த்தோசைட்டால் ஆனவை என்பதே இஸ்ரோ இதைத் தேர்ந்ததற்குக் காரணம். ஆயினும் உருவான வழி வேறு. நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிக் கிடந்தது. அந்தப் பாறைக்குழம்புக் கடலில் எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து உறைந்து மேட்டுநிலமாயிற்று என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அது 440 கோடி ஆண்டுகளை ஒட்டிய நிகழ்வு. அங்கே நீர் இருந்த சுவடு மிகக் குறைவு. சித்தம்பூண்டியிலோ அனார்த்தோசைட்டுடன் நீருள்ள ஹார்ன்பிளெண்ட் கலந்திருக்கிறது. நீர் நிறைந்த பாறைக்குழம்பிலிருந்து அது வந்தது என்பதையும், பின்னர் ஆழத்தில் உருமாறியது என்பதையும் அந்தக் கனிமமே சொல்கிறது. இரண்டு பாறைகளும் சேர்மானத்தில் நெருங்கியவை, பிறப்பில் தொலைவானவை. லேண்டர் இறங்கும் தரையைச் சோதிக்கச் சேர்மானம் போதும். அதனால் நாமக்கல் பாறை அந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது.

இடைப்பட்ட காலம்

250 கோடிக்கும் 55 கோடிக்கும் இடையே நிலம் உறங்கிக் கிடக்கவில்லை. இன்றைய திருவனந்தபுரம், நாகர்கோவில் துண்டங்களின் மூலப்பாறைகள் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்குத் துண்டங்களில் மேலோடு இழுபட்டு விரிந்தபோது, திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமல்பட்டி போன்ற இடங்களில் கார்பனடைட் என்ற அரிய சுண்ணாம்பு வகைத் தீப்பாறை ஊடுருவியது.

இரண்டாம் பிறவி: 55 கோடி ஆண்டுகளுக்கு முன்

55 கோடி ஆண்டுகளை ஒட்டி, இன்றைய ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, கிழக்கு அண்டார்டிகா ஆகியவை மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டமாயின. அவற்றுக்கிடையே இருந்த மொசாம்பிக் பெருங்கடல் மூடிப்போயிற்று. மதுரை, திருவனந்தபுரம், நாகர்கோவில் துண்டங்கள் அந்த மோதலின் நடுவே சிக்கின. இலங்கையின் மத்திய மலைநாட்டை உள்ளடக்கிய ஹைலேண்ட் பாறைத்தொகுதியும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே அளவு வெப்பத்துக்கு உள்ளானது. இரத்தினபுரியின் மாணிக்கங்களும் நீலக்கற்களும் அந்தப் பாறைகள் சிதைந்து ஆற்றுச் சரளைகளில் சேர்ந்தவை. அச்சன்கோவில் ஷியர் மண்டலத்தை மடகாஸ்கரின் ரனோட்சாரா மண்டலத்தோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

இந்த இரண்டாம் உருமாற்றம் சாதாரண கிரானுலைட் நிலையைக் கடந்தது. கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டி முதலிய இடங்களில் சஃபிரின் என்ற அரிய கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டி வளர்ந்திருக்கின்றன. இவை இரண்டும் சேர்ந்து நிலைப்பதற்கு 900 டிகிரிக்கு மேற்பட்ட, சில இடங்களில் 1,000 டிகிரியை எட்டும் வெப்பம் வேண்டும். இதை மீயுயர் வெப்ப உருமாற்றம் என்கிறார்கள். மேலோட்டின் நடுப்பகுதியில் அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது என்பது இத்துறையின் கடினமான கேள்விகளுள் ஒன்று. சொல்லப்படும் விடைகள் இவை:

1. கீழே அமிழ்ந்த தட்டு அறுந்து விழுந்ததால் சூடான கவசம் மேலெழுந்து மேலோட்டின் அடியை எட்டியது.

2. தடித்த மேலோட்டுக்குள் இருந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவே, பல கோடி ஆண்டுகள் அரிப்புக் குறைவாக இருந்த நிலையில், மெல்ல மெல்ல வெப்பத்தைக் குவித்தது.

3. ஷியர் மண்டலங்களில் பாறைகள் உராய்ந்ததால் ஏற்பட்ட வெப்பம் இவற்றோடு சேர்ந்தது.

மூன்றாவது தனித்து நிற்கப் போதாது. தென் துண்டங்களின் பாறைகளில் தோரியம் இயல்பாகவே மிகுதி என்பதையும், சிர்கானிலும், தோரியம் மிகுந்த மோனசைட் என்ற கனிமத்திலும் அளந்த வயதுகள் பல கோடி ஆண்டுகளுக்குப் பரந்து கிடப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீண்ட காலம் மெதுவாக வெந்த நிலம் என்ற இரண்டாவது விளக்கத்துக்கே எடை கூடுகிறது.

வெப்பம் உச்சத்தை எட்டிய பின் நடந்ததும் கனிமங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பாறையைத் தாள்போல மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், சிவந்த கார்னெட் மணியின் ஓரம் கரைந்து, அதைச் சுற்றிலும் ஹைப்பர்ஸ்தீனும் பிளாஜியோகிளேஸும் விரல்களைக் கோத்ததுபோல் பின்னி வளர்ந்திருப்பதைக் காணலாம். சில பாறைகளில் கார்னெட்டைச் சுற்றிக் கார்டியரைட் என்ற கனிமத்தின் வளையம் இருக்கும். கார்னெட் அடர்த்தி மிகுந்த கனிமம். அழுத்தம் மிகுந்த ஆழத்தில் நிலைப்பது. வெப்பம் தணியும் முன்பே அழுத்தம் குறைந்தால்தான் அது இப்படிச் சிதையும். அதாவது பாறை சூடாக இருக்கும்போதே மேல்நோக்கி உயரத் தொடங்கிவிட்டது.

கடல் மூடிய கோடு எங்கே?

இரண்டு கண்டப் பகுதிகள் இணைந்திருந்தால், அவற்றுக்கிடையே இருந்த கடல் மறைந்த இணைப்புக் கோடு எங்கோ இருக்க வேண்டும். இதில்தான் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

பாலக்காடு–காவிரிப் பட்டையே அந்தக் கோடு என்பது ஒரு தரப்பு. மணமேடு பகுதியில் பழைய கடற்தளத்தின் துண்டுகளாகக் கருதத்தக்க பாறைகள் இருப்பதும், அவற்றின் வயது 80 கோடி ஆண்டுகளை ஒட்டியிருப்பதும் இவர்களுடைய வாதத்தின் அடித்தளம். மொசாம்பிக் பெருங்கடலின் தரை இங்கே அமிழ்ந்தது. கடைசியில் மிஞ்சிய துண்டுகள் மேலோட்டில் சிக்கிக்கொண்டன என்கிறார்கள்.

மறுதரப்பின் வாதம் எளியது, வலியது. பட்டைக்கு வடக்கே உள்ளதுபோலவே, தெற்கே மதுரைத் துண்டத்தின் வடமேற்குப் பகுதியிலும் 250 கோடி ஆண்டு வயதுள்ள சார்னோக்கைட் இருக்கிறது. கோட்டின் இருபுறமும் ஒரே வயதுள்ள, ஒரே மாதிரியான நிலம் இருந்தால், அங்கே 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்கடல் மூடியது என்று எப்படிச் சொல்வது? ஆகவே உண்மையான எல்லை மேலும் தெற்கே, கரூர்–கம்பம்–பைனாவு–திருச்சூர் வழியே செல்லும் கோட்டிலோ மதுரைத் துண்டத்தின் உள்ளேயோ இருக்கிறது என்பது இவர்கள் முடிவு.

இரு தரப்புக்கும் இடமளிக்கும் நிலைப்பாடு ஒன்று உண்டு. அதுவே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பாலக்காடு–காவிரிப் பட்டையில் அகளி, தேவனூர் போன்ற இடங்களில் 250 கோடி ஆண்டு வயதுள்ள கடற்தளப் பாறைகளும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அப்படியானால் அந்தப் பட்டை முதல் பிறவியிலேயே ஓர் இணைப்புக் கோடாக இருந்தது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கே நடந்த மோதலின்போது, ஏற்கெனவே வலுக்குறைந்திருந்த அந்தக் கோடு மீண்டும் நசுங்கி நகர்ந்தது. வடக்குத் துண்டங்களின் உட்பகுதியில் 55 கோடி ஆண்டு உருமாற்றத்தின் சுவடு மங்கலாக இருக்க, பட்டைக்குள்ளே மட்டும் அது தெளிவாகத் தெரிவதை இந்த நிலைப்பாடு நன்றாக விளக்குகிறது. மணமேட்டுப் பாறைகள் உண்மையில் கடற்தளமா, அல்லது மேலோடு விரிந்தபோது ஊடுருவிய சாதாரண பாறைக்குழம்பா என்பது தீரும்வரை வாதமும் தீராது.

ஆழத்திலிருந்து தரைக்கு

பாறைகள் மேலே வந்தது ஒரே மூச்சில் நடந்ததல்ல. மோதலால் தடித்த மேலோடு எடை சமன்படும்வரை உயரும். உயர்ந்ததை மழையும் ஆறும் அரிக்கும். எடை குறைந்ததும் அடியிலுள்ளது மேலும் உயரும். ஊட்டத்தூர், அரியலூர் பகுதிகளில் கிரிட்டேசியஸ் காலக் கடற்படிவுகள் இந்தப் பழைய அடிப்பாறையின் மேலேயே படிந்திருக்கின்றன. ஆகவே ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இந்தப் பாறைகள் தரைக்கு வந்துவிட்டன என்பது உறுதி. அதன் முன்னும் பின்னும் கோண்டுவானா உடைந்தது: அண்டார்டிகா ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், மடகாஸ்கர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பிரிந்தன. இன்று நாம் காணும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உருவம் இந்தப் பிரிவுக்குப் பிந்தைய அரிப்பின் விளைவு. மலையின் வயதும் மலையில் உள்ள பாறையின் வயதும் வேறு வேறு.

இன்றைய விளைவுகள்

*கடற்கரை மணல்.* மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைகளின் கருமணலில் உள்ள இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை தென் துண்டங்களின் கிரானுலைட் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே வந்து சேர்ந்தவை. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு. அந்தக் கடற்கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்திருப்பதற்கு மூலக்காரணம் இரண்டாம் பிறவியில் வெந்த அந்தப் பாறைகளே. தாது மணலை அள்ளுவதும் அதைக் கையாளுவதும் தனிக் கேள்விகள். ஆனால் மணலில் கதிரியக்கம் இருப்பது மனிதர் செயலால் வந்தது என்ற எண்ணம் தவறு.

*நிலநடுக்கம்.* கோவை, சேலம் பகுதியில் சிறு அதிர்வு உணரப்பட்டால், ஷியர் மண்டலம் விழித்துக்கொண்டதாகச் செய்தி வருவதுண்டு. ஷியர் மண்டலம் பல கி.மீ. ஆழத்தில், இளகிய பாறையில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த நகர்வின் தடம். அது இன்றைய செயல்படும் பிளவு ஆகாது. ஆனால் பழைய வலுவற்ற கோடுகளில் இன்றைய அழுத்தம் எப்போதாவது தளர்வதுண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி ஏற்பட்ட கோவை நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. கட்டட விதிகளைக் கடைப்பிடிக்க அது போதிய காரணம். பீதிக்குக் காரணம் இல்லை.

*நிலத்தடி நீர்.* அன்றாட வாழ்வை மிகுதியாகத் தொடும் விளைவு இதுதான். ஆழத்தில் வெந்து, கனிமங்கள் இடைவெளியின்றிக் கோத்துக்கொண்ட பாறையில் மணற்கல்லில் இருப்பதுபோன்ற துளைகள் இல்லை. நீர் நிற்பது மேலே சிதைந்த சில மீட்டர் படலத்திலும், அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. அதனால்தான் ஒரு வயலில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் நீர் பீறிட, அடுத்த வயலில் அதே ஆழத்தில் புகை மட்டும் கிளம்புகிறது. வெடிப்பைத் தாண்டி உறுதியான பாறைக்குள் இறங்கிய பின் மேலும் ஆழம் போவது பெரும்பாலும் வீண் செலவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகிய கனிமங்களில் உள்ள ஃபுளூரைடு, வெடிப்புகளில் நெடுநாள் தேங்கிய நீரில் கரைந்து, பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் அளவுக்குச் சேர்கிறது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளூரோசிஸ் தணிப்பையும் நோக்கமாகக் கொண்டு அமைந்தது இதனால்தான். திட்டக் குழாய் எட்டாத குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஃபுளூரைடுக்காகச் சோதிக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. நிறத்தாலோ சுவையாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.